கறுப்பு வார்னிஷ் மேடை

ஹாலிவுட்
14 செப்டம்பர் 1936

அன்புள்ள மைல்ஸ் அண்ணாவுக்கு,

டீலியா எழுதிக்கொள்வது. நானும் தம்பி லியோவும் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் இருமல் குறைந்ததா? சுரங்கத் தூசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு சும்மா ஒரு தேன் பாட்டிலோடு திரியாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

படம் முடிவாகிவிட்டது. ‘ஏழாவது மாடி நிலவு’ என்று பெயர். ஹோட்டலில் லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கும் கோடீஸ்வரன் மகளுக்கும் காதல். ஏழு பாட்டு, மூன்று முத்தம், ஒரு கல்யாணம். இதற்கு மேல் கதை கேட்காதீர்கள், எழுதியவருக்கே தெரியாது. கதாநாயகன் கிளிஃபர்ட் வேன், கதாநாயகி லொரெய்ன் ஆஸ்ட்லி. நடன இயக்குநர் ஹ்யூகோ டாரன்ட். அவருக்கு நான் உதவியாள். இருபத்து நான்கு ஆட்டக்காரர்களை வரிசையில் நிறுத்துவது, எண்ணிக்கை சொல்லிக் கத்துவது, அழுகிற பெண்களுக்கு மூக்குத் துடைப்பது எல்லாம் என் வேலை.

வேனுக்கு முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, கால் மட்டும் வேறு யாருடையதோ. மூன்று நாள் ஒத்திகையில் தளம் சரியில்லை, இசை வேகம், ஷூ கடிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறை சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான்காம் நாள் டாரன்ட் நம் லியோவைக் கூப்பிட்டு வேனின் கோட்டை மாட்டித் திரும்பி நிற்கச் சொன்னார். அதே உயரம், அதே தோள். முடிந்தது கதை. கிட்டே இருந்து எடுத்தால் வேன். தூரத்திலும் முதுகுப் பக்கமும் லியோ. இது வெளியே தெரியக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டார்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள்.

மீதி இடத்தில் லியோ எழுத வேண்டுமாம்.

அண்ணா, லியோ. அமெரிக்கா பூரா என் முதுகைப் பாத்து மயங்கப்போவுது. மூஞ்சி அவருக்கு, முதுகு எனக்கு. பங்கு நியாயந்தான். அம்மாகிட்ட சொல்லுங்க, கேன்டீன்ல எல்லாரும் பீர் அடிக்கிறப்ப நான் பால் குடிக்கிறேன். கன்னுக்குட்டின்னு பேரே வச்சிட்டாங்க.

இருவரின் அன்புடன்,
டீலியா

*

ஸ்க்ராண்டன்
2 அக்டோபர் 1936

அன்புத் தங்கை டீலியாவுக்கு,

அண்ணன் மைல்ஸ் எழுதுவது. இங்கே யாவரும் நலம். அம்மாவின் முழங்கால் மழை வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, அதனால் வீட்டுக்கு ஒரு உபயோகமும் ஆகிறது. இருமல் அப்படியே.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். பால் குடிக்கிற இடத்தை மூன்றாவது தரமும் கேட்டாள். உனக்குத் தெரியாததா? அப்பா குடித்துவிட்டு நிலக்கரி வண்டிக்கு அடியில் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. ஃபாதர் லாஃப்டஸ் பூசை வைத்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் மதுவிலக்குச் சபையின் கொடி முன்னால் வரவில்லை. குடிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துச் சபைப் பதிவேட்டில் பேர் இருக்கிறவனுக்குத்தானே கொடி. கொடி இல்லாத பெட்டிக்குப் பின்னால் அந்தத் தெரு முழுக்க நடந்ததை அம்மா இன்னும் கனவில் காண்கிறாள். லியோ பன்னிரண்டு வயதில் பீடத்தின் முன் முழங்காலிட்டு வாக்குக் கொடுத்தபோது அவள் அழுததை நீ பார்த்தாய்.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று பத்திரிகையில் படிக்கிறேன். அவனை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறோம். பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மைல்ஸ்

*

ஹாலிவுட்
25 அக்டோபர் 1936

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் சுகம், தூக்கம் மட்டும் குறைவு. அம்மாவுக்கு முத்தம்.

பெரிய பாட்டு ஆரம்பித்துவிட்டது. கூரைமேல் கதாநாயகன் தனியாக ஆடுகிற பாட்டு. பதினான்கு அடி உயரத்தில் வட்டமாக ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். மேலே முழுக்கக் கறுப்பு வார்னிஷ். விளக்குப் போட்டால் தண்ணீர் நிற்கிற மாதிரி இருக்கிறது, ஆடுகிறவனின் நிழல் தலைகீழாகத் தெரிகிறது. பார்க்க அழகு. ஆட நரகம். ஒரு தரம் ஆடினால் ஷூவின் இரும்புத் தகடு கீறிவிடும். உடனே நாலு ஆள் சாக்ஸோடு ஏறித் தேய்த்து மறுபடி பளபளப்பு ஏற்றுவார்கள். ஒத்திகை முழுக்க அட்டை விரித்துத்தான்.

எங்கள் ஆட்கள் வழுக்காமல் இருக்கக் குங்கிலியப் பொடியை மிதித்துவிட்டுத்தான் ஏறுவார்கள், வயலின்காரர்கள் வில்லில் தேய்க்கிற அதே சரக்கு. கறுப்பு மேடையில் அதற்குத் தடை. வெள்ளை வெள்ளையாகக் காலடி பதிந்து கேமராவில் தெரிந்துவிடுகிறதாம். லியோ சின்ன டப்பாவில் அடைத்துச் சட்டைப்பையில் ஒளித்து வைத்திருக்கிறான். நேற்று டாரன்ட் கண்டுபிடித்துக் கத்தினார்.

“இது என்ன, மாவு மில்லா?”

“இல்லைங்க சார், என் உயிரு.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், டாரன்ட் உட்பட. ஆனால் டப்பா போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்னொரு டப்பா நிரப்பிக்கொண்டான். உங்களைப் போலவே பிடிவாதம்.

அன்புடன்,
டீலியா

*

ஹாலிவுட்
11 நவம்பர் 1936

அண்ணா,

தந்தி கிடைத்திருக்கும். அதில் இருப்பது உண்மைதான். திங்கட்கிழமை மத்தியானத்துக்குச் சற்று முன் லியோ மேடையிலிருந்து விழுந்தான். தலை அடிபட்டது. ஆம்புலன்ஸில் நான் கூட இருந்தேன். என் கையைப் பிடித்திருந்தான். பேசவில்லை. வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார், அதை அம்மாவிடம் சொல்லுங்கள். பாதிரியார் வந்து கடைசி ஜெபம் சொல்லி எண்ணெய் பூசினார், அதையும் சொல்லுங்கள்.

உடலை இன்று ராத்திரி ரயிலில் அனுப்புகிறார்கள். ஞாயிறு காலை வந்து சேரும். அவன் துணிமணிப் பெட்டியும் கூட வருகிறது.

நான் வரவில்லை. பாட்டு பாதியில் நிற்கிறது, விட மாட்டேன் என்கிறார்கள். என்னைத் திட்டுங்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீலியா

*

ஸ்க்ராண்டன்
19 நவம்பர் 1936

தங்கை டீலியாவுக்கு,

உடம்புக்கு நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. அம்மா கட்டிலில்தான் இருக்கிறாள். கஞ்சி மட்டும் இறங்குகிறது.

திங்கட்கிழமை அடக்கம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். சனிக்கிழமை உங்கள் ஸ்டூடியோவிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஆழ்ந்த அனுதாபமாம். காலஞ்சென்றவர் அன்று வேலையில் இல்லையாம். குடித்துவிட்டு, நண்பர்களிடம் பந்தயம் கட்டி, காலியாக இருந்த மேடையில் ஏறினாராம். ஆகவே நிறுவனம் பொறுப்பல்லவாம். நான் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டிருக்க வேண்டும். நியாயம் கேட்கலாம் என்று நினைத்து ஃபாதர் லாஃப்டஸிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மைல்ஸ், எழுத்துல வந்திருச்சேப்பா. நான் என்ன பண்ணட்டும்?” என்றார். அன்றே பதிவேட்டில் அவன் பேரின் மேல் கோடு விழுந்தது. கொடி வரவில்லை. அம்மா மறுபடியும் அதே தெருவில் வெறும் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். இந்தத் தரம் மகனுக்கு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ‘அப்பனைப் போலப் பிள்ளை’ என்று ரொட்டிக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் குடிக்கவில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேனுக்குப் பதிலாக வேறொருவன் ஆடினான் என்பது வெளியே வரக் கூடாது, அதற்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் தொழில் விபத்து அலுவலகம் இருக்கிறதாம், வழக்குப் போட்டிருக்கிறேன். நீ பக்கத்தில் நின்றவள். உன் ஒரு வார்த்தை போதும்.

இன்னொன்று. எங்கள் சுரங்கத்தில் ஷிஃப்டுக்கு முன்னால் நான் விளக்கோடு தனியாக உள்ளே போய், வாயு இருக்கிறதா, கூரை நிற்கிறதா என்று பார்த்து, சுவரில் சாக்கட்டியால் தேதியும் என் பேரும் எழுதினால்தான் ஆட்கள் இறங்குவார்கள். இருபது வருஷம் இதே வேலை. ஆகவே அவன் துணிமணிப் பெட்டியைத் திறந்ததும் ஷூவைத்தான் முதலில் பார்த்தேன். அடிப்பாகம் கழுவிய தட்டு போல இருக்கிறது. தையல் இடுக்கில்கூட ஒரு துளி குங்கிலியம் இல்லை. டப்பா நிரப்பி வைத்துக்கொண்டவன் ஒன்றும் பூசாமல் அந்த மேடையில் ஏறுவானா? யாரோ துடைத்திருக்கிறார்கள். யார் என்று எழுது. உங்கள் சுவரில் யார் பேரெழுதுகிறவர் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மைல்ஸ்

*

ஸ்க்ராண்டன்
16 டிசம்பர் 1936

டீலியாவுக்கு,

பதில் இல்லை. கடிதம் தவறிவிட்டதோ என்று இன்னொரு பிரதி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உடம்பு சரியில்லை என்றால் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல்.

விசாரணை ஜனவரியில். அம்மா எழுந்து நடக்கிறாள். கிறிஸ்துமஸ் விளக்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

ஷூவைத் துடைத்தவர் யார்?

மைல்ஸ்

*

ஹாலிவுட்
10 ஜனவரி 1937

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அம்மா எழுந்து நடப்பது நிம்மதி. இங்கே வழக்கத்தில் இல்லாத குளிர், ஆரஞ்சுத் தோப்புகளில் ராத்திரி எண்ணெய் அடுப்பு மூட்டிப் புகை போடுகிறார்கள். விடிந்தால் மூக்கெல்லாம் கரி. அங்கே பனி அதிகமா?

வேலை அதிகம். அதனால்தான் எழுத முடியவில்லை. எடுத்த வரையில் அந்தப் பாட்டு போதுமென்று முடிவு செய்துவிட்டார்கள். லியோவின் கடைசி ஆட்டத்தில் அவன்... அதற்கு முன்னால் வெட்டிவிட்டு வேனின் சிரிப்பை ஒட்டிவிட்டார்கள். படம் எடுக்கும்போது காலடிச் சத்தம் பதிவாவதில்லை, அது உங்களுக்குத் தெரியாது. இசைத்தட்டைப் போட்டு ஆட வைப்பார்கள். சத்தத்தைப் பிறகு தனியாகச் சேர்ப்பார்கள். இருட்டு அறையில் திரையில் படம் ஓடும், கீழே ஒரு பலகைமேல் நின்று, காதில் இசையை மாட்டிக்கொண்டு, திரையில் இருக்கிறவனின் காலுக்குக் காலாகத் தட்ட வேண்டும். லியோவின் அடவு வேறு யாருக்கும் தெரியாது. என்னைப் போட்டார்கள்.

ஒன்பது நாள். ஒரு நாளைக்கு முப்பது தரமாவது அவன் வந்து போனான். முதுகைக் காட்டிக்கொண்டுதான். ஒரு தரமாவது திரும்ப மாட்டானா என்று இருந்தது.

டாரன்ட்டுக்குத் திருப்தி. அடுத்த படத்தில் என் பேரைத் திரையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அண்ணா, வழக்கை விட்டுவிடுங்கள். அது அவனைத் திருப்பிக் கொடுக்குமா? அம்மாவை இன்னும் இழுக்க வேண்டாம். பூசை வைக்க நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
டீலியா

*

ஸ்க்ராண்டன்
8 பிப்ரவரி 1937

டீலியா,

விபத்து அலுவலகத்தின் தீர்ப்பும் சாட்சிகளின் வாக்குமூலப் பிரதியும் வந்தன. மூன்றாவது வாக்குமூலம் உன்னுடையது. “அன்று காலை என் சகோதரனிடம் சாராய வாசனை அடித்தது. ஏற வேண்டாம் என்று நான் தடுத்தேன்.” கீழே உன் கையெழுத்து. அந்த டி எழுத்தின் வாலை நான்தான் உனக்குப் போடக் கற்றுக்கொடுத்தேன், ஆகவே கள்ளக் கையெழுத்து என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள வழியில்லை.

அம்மாவிடம் வழக்கு தோற்றது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்க மாட்டேன். இனி உனக்கு எழுதவும் மாட்டேன்.

மைல்ஸ் டர்கின்

*

ஸ்க்ராண்டன்
5 ஏப்ரல் 1937

டீலியாவுக்கு,

நான் பக்கத்து வீட்டு பெக் ருவேன். உங்கம்மாவுக்கு எழுத வராது, மைல்ஸ் எழுத மாட்டேன்னுட்டார். அதனால அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதுறேன். ஒரு சொல்லு மாத்தக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க.

டீலியா, அம்மா பேசுறேன். நல்லா இருக்கியா. நான் இருக்கேன்.

உங்க படம் இங்க வந்துச்சு. மைல்ஸ் வேண்டாம்னான். நான் பெக்கைக் கூட்டிக்கிட்டு மேட்டினி போனேன். ஜன்னல் மாதிரி பெருசா அந்த வேன் மூஞ்சி. பொம்பளைங்க எல்லாம் பெருமூச்சு விடுறாளுங்க. அப்புறம் அந்தக் கூரைப் பாட்டு வந்துச்சு. அவன் திரும்பினான். கோட்டு யாருதா இருந்தா என்ன, பெத்தவளுக்கு முதுகு தெரியாதா. என் புள்ள. குடிகாரன் ஆடுற ஆட்டமாடி அது? அந்தக் கறுப்பு மேல அவன் கால் எங்கயாவது தடுமாறுச்சா? காலியான மேடையில பந்தயத்துக்கு ஏறுனவனுக்கு எதுக்குடி அத்தனை விளக்கு?

பாக்க முடியல, கண்ணை மூடிக்கிட்டேன். மூடினதும்தான் கேட்டுச்சு. டீலியா, அது அவன் காலு இல்ல. இருபது வருசம் ரெண்டு பேரும் என் அடுக்களைத் தரையைத் தட்டித் தேய்ச்சீங்க. நான் பாத்திரம் கழுவிக்கிட்டு முதுகைத் திருப்பி நின்னாலும் எது யாரு காலுன்னு தெரியும். அவன் அவசரக்காரன், குதி முந்தி விழும். உன் இடது குதி ஒரு இமை பிந்தும். தேட்டர்ல கேட்டது உன் குதி.

நான் கண்ணைத் தொறந்தா அவன், மூடினா நீ.

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. செத்தவன் வாயால பேச முடியாதுன்னு அவனுக்காக நீதான் எல்லாம் பேசியிருக்க. வீட்டுக்கு வந்ததும் மைல்ஸை உலுக்கிக் கேட்டேன். நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக் காட்டினான், படிச்சான்.

நான் உன்னை அடிச்சு வளக்கல. பொய் சொன்னா ராத்திரி சோறு கிடையாது, அவ்வளவுதான். இப்ப என்ன தண்டனை குடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எழுது. எழுதுற வரைக்கும் நீ போடுற காசு எதுவும் பூசைக்குப் போவாது, பெக்கோட அப்பா வீட்டு அலமாரியில கிடக்கும்.

உடம்பைப் பாத்துக்க.

அம்மா சொன்னது இவ்வளவுதான். அழவே இல்ல. எனக்குத்தான் எழுத முடியல. பெக்.

*

ஹாலிவுட்
14 ஏப்ரல் 1937

அம்மா,

நான் சுகமாக இல்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

ஷூவைத் துடைத்தது நான். அண்ணா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். கறுப்பு மேடையில் ஏறுகிற ஒவ்வொரு காலையும் கேமரா ஓடுவதற்கு முன் ஈரத்துணியால் துடைப்பது உதவியாளின் வேலை. நானூறு தரம் துடைத்திருப்பேன். ஏணியின் மேல்படியில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பேன், ஒவ்வொருவராக வந்து லாடம் அடிக்கிற குதிரை மாதிரி காலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

அன்று காலை நாலு தரம் எடுத்தார்கள். நாலு தரமும் வெள்ளைக் காலடி தெரிந்தது. டாரன்ட் எல்லோர் முன்னாலும் என்னிடம், “உன் தம்பிக்கு மட்டும் தனிச் சட்டமா? துடைக்க முடியலைன்னா சொல்லு, வேற ஆளு இருக்கு” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐந்தாவது தரம் லியோ ஏறி வந்தான். வலது காலைத் துடைத்தேன். இடது காலைத் தூக்கினான்.

“அக்கா, குதியில கொஞ்சம் விட்டுடு. அந்தச் சுத்து முடியிற இடத்துல பிடி வேணும்.”

“விட முடியாது. காலை ஆட்டாம நில்லு.”

“ஒரு விரல் அகலம் போதும்க்கா.”

தையல் இடுக்குக்குள் நகத்தைவிட்டுத் துடைத்தேன். அவன் என் தலையைத் தட்டிவிட்டுப் போனான். அந்தச் சுற்று முடிகிற இடத்தில்தான் விழுந்தான்.

சாராய வாசனை இல்லை. காலையில் நான் போட்ட முட்டையும் பாலும்தான் அவன் வயிற்றில் இருந்தது. நான் தடுத்ததும் பொய். ஏறு என்று கையைக் காட்டியதே நான்தான்.

மறுநாள் ஸ்டூடியோ வக்கீல் பெல் என்பவர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். மேசையில் இரண்டு காகிதம். இரண்டிலும் லியோ அன்று வேலையில் இல்லை. ஒன்றில் அவன் குடித்திருந்தான். இன்னொன்றில், யாரும் சொல்லாமல், அவன் சகோதரி விளையாட்டாகத் தன் இஷ்டத்துக்கு அவனை மேலே ஏற்றி, குங்கிலியப் பொடியைத் துடைத்து எடுத்தாள். “ரெண்டுல ஒண்ணு ஊருக்குப் போகும்மா. எதுன்னு நீயே சொல்லு” என்றார். மிகவும் மரியாதையான மனிதர். கதவை அவரே திறந்துவிட்டார்.

அம்மா, அந்தக் காகிதத்தை நீங்கள் கேட்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. செத்தவனுக்கு வலிக்காது என்று நினைத்துக்கொண்டேன். கொடியைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவ்வளவு பயம்.

நேற்று விபத்து அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வழக்கு முடிந்துவிட்டது, மறுபடி திறப்பது மேலிடத்தின் இஷ்டம் என்றார்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதன் பிரதி இதோடு இருக்கிறது. ஸ்டூடியோவுக்கு இன்று காலையே தெரிந்துவிட்டது. வாசலில் காவலாளி என் பேரைப் பட்டியலில் தேடிப் பார்த்து, இல்லை என்றான்.

இந்தக் கடிதத்தை ஃபாதர் லாஃப்டஸிடம் கொடுங்கள். எழுத்தில் வந்தால்தானே அவர் நம்புவார். என் பேரை மறைக்காமல் படிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு நான் வரலாமா வேண்டாமா என்று நீங்கள் சொல்கிறபடி.

உங்கள் மகள்,
டீலியா

*

ஸ்க்ராண்டன்
28 ஏப்ரல் 1937

டீலியாவுக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவன் எழுதுகிறேன். இங்கே அவரவர் பாட்டுக்கு இருக்கிறோம்.

உன் கடிதத்தை ஞாயிறு பத்து மணிப் பூசையில் ஃபாதர் லாஃப்டஸ் பீடத்திலிருந்து படித்தார். முழுக்க. ஷூ இடம் வந்தபோது நிறுத்தினார், அம்மா முதல் வரிசையிலிருந்து “மேல படிங்க சாமி” என்றாள், படித்தார். பூசை முடிந்ததும் பதிவேட்டை வெளியே கொண்டுவந்து, கோடு போட்ட பேருக்குக் கீழே அவன் பேரை மறுபடி எழுதினார். சபைக்காரர்கள் கொடியை எடுத்துக்கொண்டு கல்லறைக்கு நடந்தார்கள். ரொட்டிக்கடைக்காரனும் வந்தான். ஐந்து மாசத்துக்கு அப்புறம் கொடி. அம்மா அதன் பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், என் கையைத் தொடவிடவில்லை.

ஊர் இப்போது லியோவைப் பற்றிப் பேசவில்லை. உன்னைப் பற்றிப் பேசுகிறது. அது எப்படிப் பேசும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு உன்மேல் இருக்கும் கோபம் இந்த ஜென்மத்தில் தீராது என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன் நான் சாக்கட்டியால் என் பேரெழுதிய ஒரு சுவருக்குப் பின்னால் கூரை சரிந்து இரண்டு பேர் போனார்கள். சரியாகப் பார்த்தேனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பார்த்தேனா என்று எனக்கே தெரியாது. கையில் விளக்கு இருந்தது, நேரம் ஆகிவிட்டிருந்தது.

நீ வரலாமா என்று கேட்டிருந்தாய். அம்மாவிடம் படித்தேன். “வேண்டாம்” என்றாள். சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவும்போது, “வேலையும் போச்சு, அங்க சாப்பிடுறாளா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். நான் கேட்டதாக எழுதாதே என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

சாப்பிடுகிறாயா என்று எழுது.

மைல்ஸ்